கைப்பேசிச் செயலி கணினியில் ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

அக்கா வீட்டு மடிக்கணினி பழையது. 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10, உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க். பையன் படிக்கும் பள்ளியில் வீட்டுப்பாடம் எல்லாம் ஒரு செயலியில்தான் வரும், இணையதளம் கிடையாது. டீச்சர் கரும்பலகையைப் படமெடுத்துப் போட்டுவிடுவார். அதை ஆறு அங்குலத் திரையில் இரண்டு விரலால் விரித்து விரித்து அக்கா வாசிக்க, பையன் எழுதுவான். ராத்திரி ஆனால் அவளுக்குக் கண் வலி. "இதைக் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுடா, எழுத்து பெருசா தெரிஞ்சா போதும்" என்றாள்.

நான் எமுலேட்டரில் ஆரம்பித்தேன், அதாவது கணினிக்குள்ளேயே ஒரு ஆண்ட்ராய்டு கைப்பேசியைப் பாவனையாக ஓட்டும் மென்பொருளில். ஒரு மதியம் முழுக்க அதிலேயே போயிற்று. நிறுவி முடிக்க முக்கால் மணி நேரம், திறக்க இருபது நிமிடம், திறந்த பிறகு மவுஸ் அம்புக்குறிகூட நகரவில்லை. சாயங்காலம் அதை நீக்கிவிட்டு, அவளுடைய கைப்பேசியையே கேபிளில் மாட்டி, அதன் திரையை அப்படியே மடிக்கணினியில் வரவழைத்தேன். பத்து நிமிட வேலை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: கணினியைக் கைப்பேசி ஆக்கப் பார்ப்பதற்கு முன்னால், கையில் இருக்கும் கைப்பேசியைக் கணினிக்குக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். இயங்குதளத்தை மாற்றும் யோசனையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் தெரிவது எதுவோ, நேராக அந்த இடத்துக்குப் போகலாம்.

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை

அந்தச் செயலிக்கு உண்மையிலேயே இணைய வடிவம் இல்லையா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பலரும் தேடாமலே இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப் போன்றவற்றுக்கு எமுலேட்டரே தேவையில்லை. கைப்பேசியில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதிக்குப் போய்க் கணினியில் தெரியும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் போதும். வாட்ஸ்அப்பில் நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். கைப்பேசியை 14 நாளைக்கு மேல் தொடாமல் விட்டால் மட்டும் இணைப்பு அறுந்துவிடும். விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸில் வாட்ஸ்அப்புக்கென்று அதிகாரப்பூர்வ மென்பொருள் இல்லை, பிரவுசரிலேயே திறந்துகொள்ளலாம்.

இணைய வடிவம் இல்லவே இல்லை என்றால், உங்கள் தேவை என்ன என்று பாருங்கள். கைப்பேசி பக்கத்தில்தான் இருக்கும், திரை பெரிதாக வேண்டும், கீபோர்டில் தட்ட வேண்டும் என்றால் திரையைப் பிரதி எடுத்தால் போதும். கைப்பேசி இல்லாமலே செயலி கணினியில் தனியாக ஓட வேண்டும் என்றால்தான் எமுலேட்டர். அதற்கு 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் (சுழலாத, வேகமான டிஸ்க்) இருப்பது நல்லது. லினக்ஸ்காரர்களுக்கு ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்ட வேடிராய்ட் என்று ஒன்று இருக்கிறது. பணம் சம்பந்தப்பட்ட செயலி என்றால் கைப்பேசியை விட்டு நகராதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

கேபிள் மாட்டியும் கணினிக்குக் கைப்பேசி தெரியவில்லை

திரைப் பிரதிக்கு நான் பயன்படுத்துவது 'ஸ்க்ரீன் காப்பி'. ஜெனிமொபைல் நிறுவனம் 2018இல் வெளியிட்ட இலவச, திறந்த மூல மென்பொருள். ஆங்கிலத்தில் சுருக்கி எஸ், சி, ஆர், சி, பி, ஒய் என்ற ஆறு எழுத்துகளால் பெயரை எழுதுவார்கள். தேடும்போது அப்படியே தேடுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கைப்பேசியில் எதையும் நிறுவ வேண்டாம். ஆண்ட்ராய்டு 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி. பழைய கணினிக்கு இது பெரிய வரம், ஏனென்றால் செயலியை ஓட்டும் பாரம் முழுக்கக் கைப்பேசியின் மேல்தான். கணினி வெறும் வீடியோவைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

கைப்பேசி தெரியவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. அக்கா வீட்டில் நடந்தது இது. மேசை இழுப்பறையில் மூன்று கேபிள்கள் இருந்தன. மூன்றிலும் சார்ஜ் ஏறியது. இரண்டில் தரவு போகவில்லை. கைப்பேசியோடு பெட்டியில் வந்த தடித்த வெள்ளைக் கேபிளை மாட்டியதும் 'இந்த யூஎஸ்பியை எதற்குப் பயன்படுத்த?' என்று கைப்பேசியே கேட்டது. அந்தக் கேள்வி வராவிட்டால் கேபிளை மாற்றுங்கள், அப்புறம் போர்ட்டை மாற்றுங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்கத்து போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் மாட்டிப் பாருங்கள்.

கேபிள் சரி என்றால் அடுத்தது அனுமதி. கைப்பேசியின் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குப் போய் 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டுங்கள். சில கைப்பேசிகளில் அந்த வரி 'சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்' என்ற தலைப்புக்குள் ஒளிந்திருக்கும். ஷியோமி வகைகளில் ஓஎஸ் பதிப்பு எண்ணைத் தட்ட வேண்டும். தட்டியதும் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' என்று புதுப் பகுதி ஒன்று தோன்றும். அதில் 'யூஎஸ்பி டீபக்கிங்' பொத்தானை இயக்குங்கள்.

இப்போது கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டினால், 'இந்தக் கணினியை அனுமதிக்கவா?' என்று கைப்பேசித் திரையில் ஒரு பெட்டி வரும். திரை பூட்டியிருந்தால் அந்தப் பெட்டி கண்ணில் படாது. கணினிப் பக்கம் 'அன்ஆத்தரைஸ்டு' என்று மட்டும் வந்துகொண்டிருக்கும், நீங்கள் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். கைப்பேசியைத் திறந்து வைத்துக்கொண்டே கேபிளை மாட்டுங்கள். பெட்டியே வராவிட்டால் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ரிவோக் யூஎஸ்பி டீபக்கிங் ஆத்தரைசேஷன்ஸ்' என்பதைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

லினக்ஸில் 'நோ பெர்மிஷன்ஸ்' என்று வந்தால் கேபிளின் மேல் குற்றமில்லை. ஆண்ட்ராய்டு கருவிகளை அணுக அனுமதி தரும் யூடெவ் விதிகள் அடங்கிய தொகுப்பை உங்கள் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து நிறுவிவிட்டு, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். இன்னொன்று: லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் பழைய பதிப்புகளின் களஞ்சியத்தில் ஸ்க்ரீன் காப்பியும் பழையதாகவே இருக்கும். ஒலி வராததற்குப் பாதிக் காரணம் அதுதான். பதிப்பு 2.0 முதல்தான் ஒலியும் கணினிக்கு வரும், அதற்கும் கைப்பேசியில் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

திரை தெரிகிறது, ஆனால் சொடுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை

ஷியோமி, ரெட்மி, போக்கோ கைப்பேசிகளில் இது அடிக்கடி வரும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங்கிற்குக் கீழேயே 'யூஎஸ்பி டீபக்கிங் (செக்யூரிட்டி செட்டிங்ஸ்)' என்று இரண்டாவது பொத்தான் ஒன்று இருக்கும். அதையும் இயக்கினால்தான் கணினியின் மவுஸும் கீபோர்டும் வேலை செய்யும். அதை இயக்க அந்த நிறுவனத்தின் கணக்கில் உள்நுழையச் சொல்லும், சிம்மும் கைப்பேசியில் இருக்க வேண்டும். இயக்கிய பின் கைப்பேசியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

சொடுக்கு வேலை செய்கிறது, பின்னால் போகத்தான் பொத்தான் இல்லை என்பவர்களுக்கு: மவுஸின் வலப்பொத்தான்தான் 'பின்செல்'. நடுச்சக்கரத்தை அழுத்தினால் முகப்பு. ஆல்ட் விசையோடு எஃப் தட்டினால் முழுத்திரை. ஆல்ட் விசையோடு ஓ தட்டினால் கைப்பேசியின் திரை அணைந்து, கணினியில் மட்டும் படம் ஓடும், பேட்டரிக்கு நல்லது. கணினியில் உள்ள கோப்பை இழுத்து அந்த ஜன்னலில் போட்டால் கைப்பேசியின் டவுன்லோட் அடைவுக்குப் போய்ச் சேரும். ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு செயலியின் நிறுவல் கோப்பு) என்றால் நிறுவிக்கொள்ளும்.

மற்றதெல்லாம் தெரிகிறது, ஒரு செயலி மட்டும் கறுப்பாக இருக்கிறது

இது பழுது கிடையாது. வங்கிச் செயலிகள், கடவுச்சொல் பெட்டகங்கள், சில படச் செயலிகள் தங்கள் திரையைப் 'பாதுகாக்கப்பட்டது' என்று ஆண்ட்ராய்டிடம் சொல்லி வைக்கும். அப்படிச் சொன்ன திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுக்கவும் முடியாது, பிரதி எடுக்கவும் முடியாது. உங்கள் கடவுச்சொல்லை இன்னொருவர் தூரத்திலிருந்து பார்த்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதை உடைக்கும் தந்திரங்கள் என்று வீடியோக்கள் கிடைக்கும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். கைப்பேசியை ரூட் செய்யச் (அதன் பாதுகாப்புப் பூட்டுகளைத் திறந்துவிடச்) சொல்வார்கள், பணம் இருக்கும் கைப்பேசியில் அது வேண்டாத வேலை.

அந்தச் செயலியில் நீளமாகத் தட்டச்சு செய்வதுதான் உங்கள் சிரமம் என்றால் வழி இருக்கிறது. ஸ்க்ரீன் காப்பியை 'ஓடிஜி' முறையில் திறந்தால் திரை கணினிக்கு வராது, ஆனால் கணினியின் கீபோர்டும் மவுஸும் கைப்பேசியில் நேரடியாக மாட்டியது போல வேலை செய்யும். இதற்கு யூஎஸ்பி டீபக்கிங்கே வேண்டியதில்லை.

ஆங்கிலம் தட்டினால் வருகிறது, தமிழ் வரவில்லை

நம்மவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது, ஆனால் வழிமுறைகளில் யாரும் எழுதுவதில்லை. ஸ்க்ரீன் காப்பி சாதாரணமாக ஒவ்வொரு விசையையும் ஆங்கில எழுத்தாகத்தான் கைப்பேசிக்கு அனுப்புகிறது. நீங்கள் விண்டோஸில் தமிழ்99 வைத்திருந்தாலும் சரி, அஞ்சல் வைத்திருந்தாலும் சரி, தமிழ் எழுத்து அந்த வழியாகப் போகாது. அதனால் நோட்பேடில் தட்டி, நகலெடுத்து, கைப்பேசி ஜன்னலில் கன்ட்ரோல் விசையோடு வி தட்டி ஒட்டுங்கள். கணினியின் நகல் பலகை கைப்பேசிக்குத் தானாகவே போய்விடும். 'அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும்' என்று முழு வாக்கியம் போட்டுப் பார்த்தேன், ஒரு புள்ளிகூடச் சிதையவில்லை. இரண்டு வேலையாகத் தெரியும், ஆனால் நாலு வரிக்கு மேல் எழுத வேண்டியிருந்தால் கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டுவதைவிட இது வேகம்.

எமுலேட்டரிலும் வேடிராய்டிலும் இதே சிக்கல் வந்தால், உள்ளே கூகுளின் கீபோர்டுச் செயலியான ஜிபோர்டை நிறுவித் தமிழைச் சேர்த்து, திரைக் கீபோர்டில் மவுஸால் தட்டலாம். நீளமான எழுத்துக்கு அங்கேயும் ஒட்டுவதே எளிது.

எமுலேட்டர் திறக்கவே மாட்டேன் என்கிறது, அல்லது பாதியில் நின்றுவிடுகிறது

ப்ளூஸ்டாக்ஸ், எல்டிபிளேயர், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் வரும் கூகுளின் எமுலேட்டர் எல்லாமே உள்ளே ஒரு மெய்நிகர்க் கணினியை ஓட்டுகின்றன. அதற்குக் கணினியின் செயலகத்தில் (சிபியு) மெய்நிகராக்கம் (விர்ச்சுவலைசேஷன்) இயங்க வேண்டும். பல கணினிகளில் அது அணைத்து வைக்கப்பட்டே வருகிறது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'சிபியு' என்பதைத் தேர்ந்தால் வலப்பக்கம் கீழே 'விர்ச்சுவலைசேஷன்' என்று ஒரு வரி இருக்கும். 'எனேபிள்டு' என்று இருந்தால் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிவிடுங்கள். 'டிசேபிள்டு' என்றால் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போக வேண்டும். கணினி தொடங்கும்போது எந்த விசையைத் தட்டுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: எஃப்2, எஃப்10, டெலீட் என்று. அந்தப் போராட்டம் வேண்டாம் என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் 'ரிகவரி' பகுதியில் 'அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப்' என்பதைத் தட்டுங்கள். நீலத் திரையில் 'ட்ரபுள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்' என்று வரிசையாகப் போனால் அதுவே பயாஸில் கொண்டு விடும்.

அங்கே இன்டெல் செயலகம் என்றால் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' அல்லது 'விடி-எக்ஸ்', ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம் மோட்'. இயக்கி, சேமித்து, வெளியே வாருங்கள். ஒரு எச்சரிக்கை: உங்கள் கணினியில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரோ 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்பதோ இயங்கினால், பயாஸில் கைவைத்த பிறகு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பயாஸுக்குப் போகும் முன்பே அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மெய்நிகராக்கம் இயங்கியும் திறக்கவில்லை என்றால், 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' ஜன்னலில் 'விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம்' என்பதற்கு டிக் போட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். 'கோர் ஐசொலேஷனை அணையுங்கள்' என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். அது உங்கள் கணினியின் பாதுகாப்புச் சுவர். ஒரு செயலிக்காக அதை இடிக்க வேண்டாம். விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க வசதியான ஹைப்பர்-வியோடு ஒத்துப்போகும் எமுலேட்டருக்கு மாறிக்கொள்ளுங்கள்.

எமுலேட்டர் ஓடுகிறது, ஆனால் ஊர்கிறது

ரேம் 4 ஜிபி என்றால் இங்கேயே நிறுத்திவிட்டுத் திரைப் பிரதிக்குப் போங்கள். விண்டோஸும் ஆண்ட்ராய்டும் சேர்ந்து அந்த இடத்தில் மூச்சுவிட முடியாது. 8 ஜிபி என்றால் எமுலேட்டரின் அமைப்பில் 4 ஜிபிக்கு மேல் கொடுக்காதீர்கள். நிறையக் கொடுத்தால் விண்டோஸ் பட்டினி கிடக்கும், இரண்டுமே தள்ளாடும். சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கும் கணினிக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுவதைப்போல் பலன் தரும் செலவு வேறு இல்லை. எமுலேட்டர் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அந்தக் காசு வீணாகாது. படம் மினுக்கினாலோ கட்டம் கட்டமாக உடைந்தாலோ, எமுலேட்டரின் கிராஃபிக்ஸ் அமைப்பில் ஓபன்ஜிஎல்லிலிருந்து டைரக்ட்எக்ஸுக்கோ வல்கனுக்கோ மாற்றிப் பாருங்கள்.

'உங்கள் சாதனத்துக்கு ஒத்துவராது' என்று பிளே ஸ்டோர் சொல்கிறது

கைப்பேசிகளில் இருப்பது ஆர்ம் வகைச் செயலகம். நம் மேசைக் கணினிகளில் பெரும்பாலும் எக்ஸ்86. செயலியின் ஒரு பகுதி ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருந்தால், எக்ஸ்86 ஆண்ட்ராய்டில் அது நிற்காது. பெரும்பாலான எமுலேட்டர்கள் உள்ளே ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்திருக்கின்றன. எமுலேட்டரில் ஆண்ட்ராய்டு 11 போன்ற புதிய பதிப்பைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வழி இருந்தால், அதில் முயன்று பாருங்கள். பழைய பதிப்பில் மறுத்த செயலி சில நேரம் இதில் நிறுவிக்கொள்ளும்.

சிலர் கைப்பேசியிலிருந்து ஏபிகே கோப்பை எடுத்து எமுலேட்டரில் போட்டுவிட்டு, 'ஆப் நாட் இன்ஸ்டால்டு' என்று வருகிறதே என்பார்கள். 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோரில் வரும் புதிய செயலிகள் 'ஆப் பண்டில்' என்ற வடிவத்தில்தான் ஏற்றப்பட வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு கைப்பேசிக்கும் வேண்டிய துண்டுகளை மட்டும் பிரித்து ஸ்டோர் அனுப்புகிறது. நீங்கள் எடுத்தது ஒரு துண்டு. மொழிக்கும் திரைக்கும் செயலகத்துக்கும் உரிய துண்டுகள் அதோடு வரவில்லை. எமுலேட்டருக்குள் இருக்கும் பிளே ஸ்டோரிலிருந்தே நிறுவுங்கள். அதற்கு உங்கள் முக்கியமான கூகுள் கணக்கைக் கொடுக்காதீர்கள், இதற்கென்று புதிதாக ஒன்று திறந்துகொள்ளுங்கள். எமுலேட்டரையும் அதைத் தயாரித்தவரின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் விளம்பரமாக மேலே வருவது எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்பதில்லை.

செயலி திறக்கிறது, 'பாதுகாப்பற்ற சாதனம்' என்று சொல்லி மூடிக்கொள்கிறது

பணச் செயலிகளின் கதை இதுதான். 'பிளே இன்டெக்ரிட்டி' என்ற கூகுளின் சோதனையைச் செயலி கேட்கும்: நான் ஓடும் இடம் உண்மையான, சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிதானா? எமுலேட்டரால் அதற்கு ஆம் என்று பதில் சொல்ல முடியாது.

யூபிஐ இன்னும் ஒரு படி மேலே போகிறது. பதிவு செய்யும்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகவே போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணும் அந்தக் கருவியும் ஒன்றாகக் கட்டப்படுகின்றன. அதை வைத்துத்தான் வங்கி உங்களை அடையாளம் காண்கிறது. கணினியில் சிம் இல்லை, கட்டுவதற்குக் கருவியும் இல்லை. ஓடிபியைக் கைப்பேசியில் பார்த்து எமுலேட்டரில் தட்டினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, ஏனென்றால் இங்கே செய்தி வருவதில்லை, போகிறது.

இதைச் சுற்றிக்கொண்டு போக மாற்றியமைத்த ஏபிகே தருகிறோம் என்று யாராவது சொன்னால், அதில் உங்கள் பின் எண்ணைத் தட்டும் நொடியில் அது யாருக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. பணம் கட்டும் வேலை கணினியில் நடக்கும்போது கியூஆர் குறி காட்டும் முறையைத் தேர்ந்தெடுத்து, கைப்பேசியால் ஸ்கேன் செய்யுங்கள். வங்கி வேலைக்கு வங்கியின் இணையதளம் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. வயதானவர்கள் சேர்த்து வைத்த காசு இப்படிப் போய்விட்டால் திரும்பி வருவது எளிதில்லை.

லினக்ஸில் வேடிராய்ட் போட்டேன், ஜன்னலே வரவில்லை

வேடிராய்ட் எமுலேட்டர் வகை கிடையாது. லினக்ஸின் கெர்னலையே (இயங்குதளத்தின் மையப் பகுதி) பகிர்ந்துகொண்டு, ஒரு கன்டெய்னருக்குள் (தனியாகப் பிரித்த அறை போல) லினியேஜ்ஓஎஸ் வழிவந்த ஆண்ட்ராய்டை ஓட்டுகிறது. அதனால் மெய்நிகராக்கம் இல்லாத கணினியிலும் ஓடும், எமுலேட்டரைவிட இலகு. ஆனால் அதற்கு, லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலேண்ட் வேண்டும். உபுண்டுவிலும் ஃபெடோராவிலும் வழக்கமாக வேலேண்டில்தான் உள்ளே போகிறீர்கள். லினக்ஸ் மின்ட் வைத்திருப்பவர்கள்தான் திகைத்து நிற்பார்கள், ஏனென்றால் அதன் சின்னமன் மேசை இன்னும் பழைய முறையான எக்ஸ்11இல்தான் வழக்கமாகத் திறக்கிறது. மின்ட் 21.3 முதல் உள்நுழையும் திரையிலேயே வேலேண்டைத் தேர்ந்தெடுக்கலாம். சோதனை நிலை என்று அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

ஜன்னல் வந்தும் கறுப்பாக இருந்தால் என்விடியா கார்டா என்று பாருங்கள். வேடிராய்டுக்கு என்விடியாவின் சொந்த டிரைவரோடு ஒத்துவராது. இன்டெல்லின் உள்ளமைந்த கிராஃபிக்ஸும் இருந்தால் அதற்கு மாறலாம், இல்லையென்றால் மென்பொருள் வரைவுதான், மெதுவாக இருக்கும்.

இணையம் இல்லை என்றால் பெரும்பாலும் ஃபயர்வால். வேடிராய்டின் இணைப்புக்கு 53, 67 ஆகிய போர்ட்டுகளையும், பொதிகளைக் கடத்திவிடும் அனுமதியையும் திறந்துவிட வேண்டும். பிளே ஸ்டோர் திறந்ததும் 'சான்று பெறாத சாதனம்' என்று வந்தால், அந்த ஆண்ட்ராய்டின் அடையாள எண்ணை எடுத்து, கூகுள் இதற்கென்றே வைத்திருக்கும் பக்கத்தில் பதிவு செய்யுங்கள். பதிந்ததும் நடக்காது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து வேடிராய்டை மறுதொடக்கம் செய்யுங்கள்.

ஐபோன் செயலிதான் வேண்டும்

விண்டோஸிலும் லினக்ஸிலும் ஐபோன் செயலியை ஓட்ட வழி கிடையாது. அப்படி ஓட்டுவதாகச் சொல்பவை ஐபோன் போல ஒரு முகப்பைக் காட்டுவதோடு சரி. மேக் என்றால், 2020 இறுதியில் வந்த எம்1 முதல் ஆப்பிளின் சொந்தச் செயலகம் உள்ள கணினிகளில் ஆப் ஸ்டோரிலிருந்தே ஐபோன், ஐபேட் செயலிகளை நிறுவலாம். தேடியும் வரவில்லையென்றால், முடிவுகளுக்கு மேலே 'ஐபோன் & ஐபேட் ஆப்ஸ்' என்ற பகுதியைத் தட்டிப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் செயலியை எழுதியவர்கள் மேக்கில் வேண்டாம் என்று மறுத்திருக்கிறார்கள். அப்போது கைகொடுப்பது மேக் ஓஎஸ் செக்கோயாவோடு வந்த 'ஐபோன் மிரரிங்'. ஐஓஎஸ் 18 வேண்டும், இரண்டிலும் ஒரே ஆப்பிள் கணக்கு, வைஃபையும் புளூடூத்தும் இயங்க வேண்டும். இணைப்பு கிடைக்கவில்லை என்றால் ஐபோன் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது பூட்டியிருந்தால்தான் இது வேலை செய்யும்.

விண்டோஸ் 11இல் ஆண்ட்ராய்டு உள்ளேயே இருக்கும் என்றார்களே?

இருந்தது. அமேசான் ஆப்ஸ்டோரோடு சேர்த்துக் கொண்டுவந்த அந்த வசதியை 2025 மார்ச் 5ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய வீடியோக்களைப் பார்த்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 'கூகுள் பிளே கேம்ஸ்' விண்டோஸில் கிடைக்கிறது, ஆனால் அது விளையாட்டுகளுக்கு மட்டும்.

அப்படியானால் எந்த இயங்குதளம்?

ஒரு செயலிக்காக இயங்குதளத்தை மாற்றாதீர்கள் என்பதுதான் என் கருத்து. மற்ற வேலைகளுக்கு எது சரிப்படுமோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். செயலிக்குக் கைப்பேசி இருக்கிறது.

ஆனாலும் இப்போது பலருக்கு மாற்றியே ஆக வேண்டிய நிலை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். அதற்குத் தகுதியான கணினி என்றால், டேலி போன்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களும் அலுவலகக் கோப்புகளோடு மல்லுக்கட்டுபவர்களும் யோசிக்காமல் விண்டோஸ் 11க்குப் போகலாம்.

தகுதியில்லாத பழைய கணினிக்கு லினக்ஸ். வேடிராய்டும் வேண்டும் என்றால் உபுண்டுவோ ஃபெடோராவோ. வேண்டாம், பார்க்க விண்டோஸ் போல இருந்தால் போதும் என்றால் மின்ட். நிறுவுவதற்கு முன் யூஎஸ்பி டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபை எடுக்கிறதா, ஒலி வருகிறதா, வீட்டு பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று ஒரு மாலை பார்த்துவிடுங்கள். அக்கா வீட்டுக் கணினியில் இப்போது இருப்பது மின்ட்.

ஒரு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் மடிக்கணினியான குரோம்புக்கில் பிளே ஸ்டோர் வரும் என்பதை நம்பி, பழைய கணினியில் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் போட்டுவிடுவார்கள். ஃபிளெக்ஸில் ஆண்ட்ராய்டு செயலிகள் கிடையாது. கடையில் குரோம்புக்காகவே வாங்கியதில்தான் அது வரும்.

எல்லாம் சரியாகிவிட்டது, இப்போது கைப்பேசியிலேயே வங்கிச் செயலி திறக்கவில்லை

மேலே யூஎஸ்பி டீபக்கிங் இயக்கினோம் அல்லவா, அதனால்தான். சில வங்கிச் செயலிகள் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் இயங்கும் கைப்பேசியில் திறக்க மறுக்கும். செயலியை நீக்கவும் வேண்டாம், வங்கிக்கு ஓடவும் வேண்டாம். டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குப் போய் மேலே இருக்கும் முதன்மைப் பொத்தானை அணையுங்கள். சில கைப்பேசிகளில் யூஎஸ்பி டீபக்கிங்கை மட்டும் அணைத்தாலே போதும். பிறகு வங்கிச் செயலியை முழுதாக மூடித் திறங்கள்.

அக்காவுக்கு இதைத் தாளில் எழுதி மடிக்கணினியின் மூடியில் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்: வீட்டுப்பாடம் முடிந்ததும் கேபிளைக் கழற்று, டீபக்கிங்கை அணை. மறுநாள் சாயங்காலம் இயக்க அவளுக்கு அரை நிமிடம் ஆகிறது. தெரியாத கணினியில், பிரவுசிங் சென்டரிலோ அலுவலகத்திலோ, கேபிள் மாட்டும்போது அந்த 'அனுமதிக்கவா' பெட்டி வந்தால் மறுத்துவிடு என்றும் அதே தாளில் எழுதியிருக்கிறேன்.